பட்டாளத்தில் இருந்த அப்பாவுக்கு நுரையீரல் ஸ்கேன் எடுக்கலாமா?

கணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 62. 1982-ல் பட்டாளத்தில் சேர்ந்து 2006-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இருபது வயதில் பிடித்த பீடி, சிகரெட்டை 56 வயதில் விட்டார். நாளொன்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் புகைத்திருக்கிறார். சர்வீஸில் இருந்தபோது ஒருமுறை டி.பி. வந்து குணமானது. ஓய்வுக்குப் பிறகு ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். இப்போது இருமல், சளி எதுவும் இல்லை. போன வருடம் எடுத்த எக்ஸ்-ரே 'கிளியர்'. ஆனால் அவரோடு ஒரே யூனிட்டில் இருந்த நண்பர் சமீபத்தில் நுரையீரல் புற்றுநோயில் இறந்துவிட்டார். கண்டுபிடித்தபோதே நான்காம் நிலை. அப்பாவுக்கு இப்போதே ஸ்கேன் எடுக்கலாமா, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-ல் முடியுமா, ஏதாவது தெரிந்தால் வைத்தியம் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி.

இந்த மாவட்டத்தில் நெஞ்சு நோய் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி: எடுங்கள். உங்கள் அப்பா போன்றவர்களுக்காகவே அந்தப் பரிசோதனை இருக்கிறது. எக்ஸ்-ரே போதாது. வழக்கமான மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.யும் தேவையில்லை. குறைந்த கதிர்வீச்சு சி.டி., அதாவது 'லோ டோஸ் சி.டி. செஸ்ட்' என்று கேட்டு எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்து பீரோவில் வைத்துவிட்டால் பலன் இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். இன்னொன்றையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரர்களின் ஸ்கேனில் ஏதாவது ஒரு புள்ளி தெரிவது சகஜம். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. அதைப் பார்த்துப் பதறவும் கூடாது, 'பழைய டி.பி. தழும்புதான்' என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடவும் கூடாது.

முதலில் அந்த 'கிளியர்' எக்ஸ்-ரேயைப் பற்றி. வருடா வருடம் எக்ஸ்-ரே எடுத்தால் போதும் என்ற நம்பிக்கை முன்னாள் படைவீரர்களிடம் மிக ஆழமாக இருக்கிறது. சர்வீஸில் மெடிக்கல் என்றால் எக்ஸ்-ரே எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் இதை ஒரு பெரிய ஆய்வில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் சுமார் ஒன்றரை லட்சம் பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆண்டுதோறும் நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காரணம் எளிது. எக்ஸ்-ரே முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அழுத்திக் காட்டுகிறது. விலா எலும்பு, இதயம், உதரவிதானம் இவற்றின் நிழலுக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் கட்டி சாவகாசமாக ஒளிந்துகொள்ளும். சி.டி. மெல்லிய வெட்டுகளாகப் பிரித்துக் காட்டுவதால் சில மில்லிமீட்டர் புள்ளியும் தப்பாது.

அதே 2011-ல்தான் சி.டி.யின் பலனும் உறுதியானது. 53,454 பேர் கலந்துகொண்ட ஆய்வு அது. எல்லோரும் 55 முதல் 74 வயது வரை உள்ள, கடுமையாகப் புகைத்தவர்கள். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு லோ டோஸ் சி.டி. எடுத்தவர்களிடம், எக்ஸ்-ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. 2020-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் ஆய்வு வந்தது. அதில் பத்து ஆண்டு முடிவில் ஆண்களிடம் 24 சதவீதம் குறைவு. இரண்டு கண்டங்களில், இரண்டு வெவ்வேறு முறைகளில் ஒரே திசையில் முடிவு வந்ததால்தான் இதைத் தைரியமாகப் பரிந்துரைக்கிறேன். பலனைக் கூட்டிச் சொல்லவும் விரும்பவில்லை. முதல் ஆய்வின் கணக்குப்படி ஒரு உயிரைக் காக்க சுமார் 320 பேருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. புற்றுநோய்ப் பரிசோதனைகளில் இது நல்ல கணக்குதான். ஆனால் மற்ற 319 பேரையும் தேவையில்லாத பயத்திலிருந்தும் தேவையில்லாத ஊசியிலிருந்தும் காப்பதும் மருத்துவரின் பொறுப்பு.

படைவீரர்களிடமே இதைச் செய்து பார்த்த அனுபவம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி மருத்துவமனைகள் உண்டு. அவற்றில் எட்டு இடங்களில் 2013-லிருந்து 2015 வரை ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்தி, 2,106 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்குப் பின்தொடர வேண்டிய ஏதோ ஒரு முடிச்சு தெரிந்தது. புற்றுநோய் உறுதியானது 31 பேருக்கு, அதாவது 1.5 சதவீதம். நூறு பேரில் அறுபது பேருக்குப் புள்ளி, ஒன்றிரண்டு பேருக்குத்தான் புற்றுநோய். டி.பி. அதிகமுள்ள நம் நாட்டில் புள்ளிகள் அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த ஒரு தகவலை அப்பாவிடம் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' (முடிச்சு) என்ற வார்த்தையைப் பார்த்த அன்று ராத்திரி அவர் தூங்குவார்.

இனி யாருக்கு எடுக்கலாம் என்ற கணக்கு. அமெரிக்க வழிகாட்டுதல் 2021-ல் தளர்ந்தது. 50 முதல் 80 வயது, 20 'பேக்-இயர்' புகைத்தவர், இன்னும் புகைப்பவர் அல்லது விட்டு 15 ஆண்டுக்குள் இருப்பவர் என்பது இப்போதைய வரம்பு. ஒரு நாளைக்கு எத்தனை என்பதை 20-ஆல் வகுத்து, எத்தனை ஆண்டு என்பதால் பெருக்கினால் பேக்-இயர் வந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு 15-ஐ 20-ஆல் வகுத்து 36-ஆல் பெருக்கினால் 27. விட்டு ஆறு ஆண்டுதான் ஆகிறது. வரம்புக்குள் வருகிறார். நம் நாட்டில் இதற்கென்று அரசின் தேசியத் திட்டம் இல்லை. வாய், மார்பகம், கருப்பைவாய் இந்த மூன்றுக்கும்தான் பரிசோதனை முகாம் நடக்கிறது. அதனால் நாமே கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பீடியைக் கணக்கில் சேர்ப்பதா என்று பலரும் கேட்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு என்று வீட்டுக்கு வீடு பீடி சுற்றிய பகுதி நம்முடையது. 'பீடிதானே' என்ற எண்ணம் இங்கே ரொம்ப இயல்பாக இருக்கிறது. பீடியில் புகையிலை சிகரெட்டைவிடக் குறைவுதான், உண்மை. ஆனால் இலையில் சுற்றியிருப்பதால் அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும், ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோடினும் தாரும் உள்ளே போவதில் அது சிகரெட்டுக்குச் சளைத்ததில்லை. எடையைப் பார்த்து நாலு பீடி ஒரு சிகரெட் என்று குறைத்துப் போடுபவர்களும் உண்டு. பரிசோதனை தேவையா என்று முடிவெடுக்கும்போது நான் ஒரு பீடியை ஒரு சிகரெட்டாகவே எண்ணுகிறேன்.

உங்கள் அப்பாவிடம் புகை தவிர வேறு மூன்று காரணங்களும் இருக்கின்றன. டி.பி. வந்து ஆறிய நுரையீரலில் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அடுத்தது பட்டாளத்தின் காற்று. காஷ்மீரிலும் லடாக்கிலும் குளிர்காலம் முழுக்க அடைத்த பங்கருக்குள் புகாரி என்ற மண்ணெண்ணெய்க் கணப்பைச் சுற்றிப் படுத்தவர்கள், கான்வாயில் டீசல் புகைக்குப் பின்னால் மலையேறியவர்கள், பட்டறையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் பிரேக் லைனிங்கைத் தேய்த்தவர்கள், கப்பலின் இன்ஜின் அறையில் இருந்தவர்கள் என்று எத்தனையோ பேர். டீசல் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த பொருட்கள். மூன்றாவது, ராணிப்பேட்டை. ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவமும் அதே பட்டியலில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகுப்பில் இருக்கிறது. அந்த ஊரில் மூடிப்போன குரோமேட் ஆலையின், அந்தக் குரோமியம் கலந்த கழிவு மேடு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. தோல் தொழிற்சாலை வாசலில் காவல் நின்றவருக்கு உள்ளே ரசாயனக் கூடத்தில் நின்றவர் அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் எங்கே நின்றார், எத்தனை வருடம், தூசு படிந்ததா என்று கேட்டு எழுதிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காகிதம் உதவும்.

அமெரிக்கா 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போர்க்களத்தில் திறந்தவெளியில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்த வீரருக்குப் பின்னாளில் சுவாசப் புற்றுநோய் வந்தால், அது பணியினால் வந்தது என்றே எடுத்துக்கொண்டு நிவாரணம் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வீரர் நிரூபிக்க வேண்டியதில்லை. நம்மிடமும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் சி.டி. இயந்திரத்தை வண்டியில் ஏற்றி, கடைகளின் வாகன நிறுத்தத்தில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். அப்படி ஒரு வண்டி வருடத்துக்கு ஒரு வாரம் கம்மவான்பேட்டையில் நின்றால் எத்தனை குடும்பத்துக்கு நல்லது!

ஸ்கேன் என்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. வெறும் வயிறு வேண்டாம், ஊசி இல்லை. படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு மூச்சை அடக்கினால் முடிந்தது. கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட். நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறோம். சாதாரண நெஞ்சு சி.டி. என்றால் ஆறு, ஏழு வரை போகும். ஆண்டுதோறும் எடுக்கப்போவதால்தான் லோ டோஸ் என்று வற்புறுத்துகிறேன். நடுவில் சளி, காய்ச்சல் வந்திருந்தால் சில வாரம் தள்ளிப் போடுங்கள். நிமோனியா ஆறும்போது விட்டுச்செல்லும் நிழல் எல்லோரையும் குழப்பும். ஸ்கேன் படங்களைக் குறுந்தகட்டில் அல்லது பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அச்சடித்த ரிப்போர்ட் மட்டும் போதாது.

இதெல்லாம் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு. மூன்று வாரம் தாண்டிய இருமல், பழைய இருமலின் தன்மை மாறுவது, சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்முவது, ஒரே பக்கம் தோளில் ஓயாத வலி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, விரல் நுனி தடித்து நகம் வளைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வேறு கதை. அப்போது லோ டோஸ் வேண்டாம். முழு சி.டி. எடுத்து, நெஞ்சு நோய் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது முடிச்சின் அளவு. பொதுவாகப் பின்பற்றும் முறையில், முதல் ஸ்கேனில் தெரியும் கெட்டியான முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அடுத்த வருடம் எடுத்தால் போதும். 6-லிருந்து 8 வரை என்றால் ஆறு மாதத்தில். 8-லிருந்து 15 வரை என்றால் மூன்று மாதத்தில், அல்லது பெட் ஸ்கேன். 15-ஐத் தாண்டினால் திசு எடுத்துப் பார்ப்பது வரை யோசிப்பார்கள். விளிம்பு முள் முள்ளாக இருந்தால் சந்தேகம் கூடும். நடுவில் அல்லது முழுக்க சுண்ணாம்பு படிந்திருந்தால் பெரும்பாலும் ஆறிப்போன டி.பி. இங்கேதான் அப்பாவின் பழைய காகிதங்கள் தங்கம். டி.பி.க்காக ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த படம், டிஸ்சார்ஜ் சுருக்கம், மெடிக்கல் போர்டு காகிதம் எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். முப்பது வருடத்துக்கு முன் வலது மேல் நுரையீரலில் இருந்த தழும்பு இன்றும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால் அது பாவம், யாரையும் தொந்தரவு செய்யாது. வளர்ந்திருந்தால் கதை வேறு. புற்றுநோய் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஓராண்டுக்குள் தன் கனஅளவை இரட்டிப்பாக்கும். முப்பது வருடம் அசையாமல் இருக்காது.

இனி, நான் மிகவும் வருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் காலம் கடந்து வருவதற்குப் பெரிய காரணம் டி.பி. மாத்திரை. எக்ஸ்-ரேயில் ஒரு நிழல், கூடவே இருமல், எடை குறைவு. சளியில் டி.பி. கிருமி இருக்கிறதா என்று உறுதி செய்யாமலேயே, 'டி.பி.யாகத்தான் இருக்கும், ஆறு மாதம் சாப்பிடுங்கள்' என்று தொடங்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு மாதம் நோயாளியும் பொறுமையாகச் சாப்பிடுகிறார். பசி கொஞ்சம் கூடினால் குணமாகிறது என்று நினைக்கிறார். நான்காவது மாதம் மூச்சு வாங்குகிறது. அதற்குப் பிறகு சி.டி., அதற்குப் பிறகு பயாப்சி. இதற்குள் அறுவை செய்யக்கூடிய கட்டி எலும்புக்கோ மூளைக்கோ போயிருக்கும். உங்கள் அப்பாவின் நண்பருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கதையை அவ்வளவு குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன்.

டி.பி. நம் ஊரில் நிஜமான நோய், மாத்திரை சாப்பிட வேண்டியவர் ஒரு வேளை கூடத் தவறாமல் சாப்பிட வேண்டும். அதனால் நான் சொல்வதை 'டி.பி. மாத்திரை வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆதாரம் கேளுங்கள் என்கிறேன். சளியில் டி.பி. கிருமியைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். முடிவும் சீக்கிரம் வந்துவிடும். சளியே வரவில்லை என்றால் பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டு, நுரையீரலைக் கழுவிய நீரை எடுத்துச் சோதிக்கலாம். அதிலும் கிருமி இல்லை, ஆள் ஐம்பது வயதைத் தாண்டியவர், புகைத்தவர் என்றால் திசு எடுக்காமல் ஆறு மாத மாத்திரை தொடங்குவது சரியில்லை. அப்படியே தொடங்கியிருந்தாலும் இரண்டு மாதத்தில் திரும்பப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிழல் குறையவில்லை என்றால் இது டி.பி.தானா என்று மருத்துவர் அங்கேயே மறுபடி யோசிக்க வேண்டும். அறுபது வயது முன்னாள் படைவீரரின் மகன் மருத்துவர் முன் உட்கார்ந்து 'ஐயா, இது டி.பி.தான் என்று எதை வைத்து உறுதி செய்தீர்கள்?' என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

பெட் ஸ்கேனுக்கும் இதே சிக்கல் உண்டு. சர்க்கரையை வேகமாக எரிக்கும் இடத்தை அது ஒளிரக் காட்டும். புற்றுநோயும் ஒளிரும், உயிரோடிருக்கும் டி.பி.யும் ஒளிரும். பெட்டில் எரிகிறது என்பதாலேயே புற்றுநோய் என்று யாரும் முடிவு சொல்லிவிடக் கூடாது. நோய்க்குப் பெயர் வைக்கும் அதிகாரம் நுண்ணோக்கியில் பார்த்த திசுவுக்குத்தான்.

சரி, இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம், பென்ஷன் வாங்கும் உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொருந்தும். வேலூர் பாலிகிளினிக்கில் மருத்துவ அதிகாரியைப் பார்த்து, அவர் ரெஃபரல் எழுதினால் அங்கீகரித்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். அங்கே போய் 'செக்கப் வேண்டும்' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். 62 வயது, 27 பேக்-இயர், பழைய டி.பி., தோல் தொழிற்சாலை வேலை என்று ஒரு தாளில் எழுதி, லோ டோஸ் சி.டி.க்கு நெஞ்சு நோய் மருத்துவரின் கருத்து வேண்டும் என்று கேளுங்கள். எந்தச் சிபாரிசும் செய்ய முடியாததை அந்தத் தாள் செய்யும். ரெஃபரல் கிடைக்காவிட்டால் முதல் ஸ்கேனைக் கைக்காசில் எடுத்துவிடுங்கள், சில ஆயிரத்தில் முடியும். அதில் பின்தொடர வேண்டிய முடிச்சு தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது ஒரு மருத்துவக் காரணம். அதைக் காட்டி ரெஃபரல் கேட்பது சுலபம். அங்கீகரித்த மருத்துவமனைகளின் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், போகும் அன்றைய பட்டியலை பாலிகிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போவதென்றால் இப்போது ராணிப்பேட்டையிலும் வளாகம் இருக்கிறது. உங்கள் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள், நிறையப் பேர் அலைகிறார்கள்.

பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த அப்பாவின் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான் வாசல். படைவீரர் கொடிநாள் நிதியிலிருந்து புற்றுநோய் போன்ற கடும் நோய்களுக்கு உதவித்தொகை அங்கே விண்ணப்பித்துப் பெறலாம். வருமான வரம்புக்குள் வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னையில் 1954-லிருந்து இருக்கும் அடையாறு புற்றுநோய் நிறுவனம் இவை எல்லாம் எட்டும் தூரம்தான்.

கடைசிக் கேள்வி, வைத்தியம். நான் படித்த காலத்தில் இந்த நோய்க்குச் சொல்ல எங்களிடம் இரண்டு மூன்று வாக்கியங்கள்தான் இருந்தன. இன்று அப்படி இல்லை.

முதல் நிலையில் பிடித்தால் அறுவைதான் முதல் தேர்வு. முன்பு நுரையீரலின் ஒரு முழு மடலை எடுப்பதே விதி. 2022-ல் ஜப்பானிலும் 2023-ல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள், 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஓரத்துக் கட்டிக்கு மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று காட்டிவிட்டன. புகைத்து மூச்சுத் திறன் குறைந்த நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கேனில் மாட்டும் கட்டிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். பெரிய கீறல் இல்லாமல் சிறு துளைகள் வழியே கேமரா வைத்துச் செய்வதும் இப்போது வழக்கம். இதயமோ மூச்சோ அறுவையைத் தாங்காது என்றால், கட்டியை மட்டும் குறிவைத்து சில தடவைகளில் முடியும் துல்லியக் கதிர்வீச்சு இருக்கிறது, மயக்க மருந்து கூடத் தேவையில்லை.

கட்டி கொஞ்சம் பெரிதாகி, நிணநீர் முடிச்சுக்குப் போயிருந்தாலும் வழி இருக்கிறது. அறுவைக்கு முன்பே கீமோவோடு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்து மூன்று சுற்று கொடுத்தபோது, நூற்றில் 24 பேருக்கு அறுவையில் எடுத்த திசுவில் உயிருள்ள புற்றுச் செல்லே இல்லை. வெறும் கீமோவில் அது 2 பேர்தான். 2022-ல் வந்த முடிவு இது. அறுவை செய்ய முடியாத மூன்றாம் நிலையில் கீமோ, கதிர்வீச்சு முடிந்த பிறகு துர்வாலுமாப் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுப்பது 2017-க்குப் பிறகு வந்த பெரிய முன்னேற்றம்.

பயாப்சி எடுத்ததும் மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்தியர்களில் அடினோகார்சினோமா வகை வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்கு, ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. மேற்கு நாடுகளில் இது கணிசமாகக் குறைவு. அது இருந்தால் கீமோவுக்குப் பதில் தினமும் ஒரு மாத்திரை. ஜெஃபிடினிப் இப்போது உள்நாட்டுத் தயாரிப்பாக மலிவாகவே கிடைக்கிறது. ஒசிமெர்டினிப் விலை அதிகம், ஆனால் பலனும் அதிகம். அறுவை முடிந்த பிறகு அதைக் கொடுத்தவர்களில் 88 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள், கொடுக்காதவர்களில் 78 சதவீதம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப், துர்வாலுமாப் இரண்டுக்கும் சுங்க வரியை நீக்கினார்கள். புகைத்தவர்களிடம் இந்த மரபணு மாற்றம் குறைவுதான். அதற்காக சோதிக்காமல் விடக் கூடாது. ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1 என்ற மரபணுக்கள், பி.டி.-எல்1 என்ற புரதம் மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

பி.டி.-எல்1 அதிகமாக இருந்தால் நான்காம் நிலையிலும் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து மட்டுமே போதும் என்ற நிலை 2016-ல் வந்தது. அந்த ஆய்வில் ஐந்து ஆண்டு கழித்து 31.9 சதவீதம் பேர் இருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16.3 சதவீதம். நான்காம் நிலைக்கு இப்படி ஒரு எண்ணை நான் ஒருநாள் எழுதுவேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பழைய டி.பி. மறுபடி தலைதூக்கலாம் என்பதால், அப்பாவுக்கு டி.பி. வந்த விஷயத்தை எந்த மருத்துவமனையிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்பா ஆறு வருடத்துக்கு முன் பீடியை விட்டது அவர் தனக்குச் செய்துகொண்ட மிகப் பெரிய வைத்தியம். எந்த ஸ்கேனும் அதற்கு ஈடாகாது. இன்னும் புகைக்கும் அவருடைய நண்பர்களுக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கொடுங்கள், கட்டணமில்லை. ஸ்கேனுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் இருதயமோ நுரையீரலோ ஏற்கெனவே மிகவும் தளர்ந்து, கட்டி தெரிந்தாலும் அறுவையோ கதிர்வீச்சோ தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். அவருக்கு அது மனவேதனையை மட்டும்தான் தரும்.

ஸ்கேன் முடிந்ததும் முடிச்சு ஏதாவது எழுதியிருந்தால் அதன் அளவு, எந்த மடல், கெட்டியா இல்லையா, சுண்ணாம்பு இருக்கிறதா என்ற நான்கையும் இங்கேயே எழுதுங்கள், தம்பி. அப்பாவின் பெயரும் கார்டு எண்ணும் வேண்டாம். அடுத்து எத்தனை மாதத்தில் எடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.